வெறும் வண்டி எடை

சித்திரையில் கடிதம் வந்தது,
ஆங்கிலத்தில் மட்டும்.
எடைக் கிளாக்கராய் இருந்த நான்
அன்றிலிருந்து நிறுவைப் பிரிவு எக்சிகியூட்டிவ்.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு கூட.
முகாமையாளர் புவிராஜசிங்கம் கைகொடுத்தார்.
கல்முனையில் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன்,
கடன்தான்.

தராசு அதே தராசு.
சம்மாந்துறை அரிசி ஆலை வாசலில்
அறுபது தொன் தாங்கும் இரும்புத் தட்டு.
பக்கத்தில் என் தகரக் கூடு, நுளம்புத்திரி,
ஒரு காலுக்கு மட்டை மடித்து வைத்த கதிரை.

சம்பளச் சிட்டையில்தான் ஒரு வரி மாறியது.
மேலதிக நேரம் என்ற இடத்தில்
முன்பு ஓர் எண் இருக்கும்.
இப்போது பூச்சியம்கூட இல்லை,
சின்னக் கோடு.
கேட்டதற்கு முகாமையாளர் சிரித்தார்:
"எக்சிகியூட்டிவுக்கு ஓ.டி. இல்லத் தம்பி.
நீங்க இப்ப எங்கட பக்கமெல்லுவா."

ஆவணியில் சிறுபோகம் வெட்டினார்கள்.
மல்வத்தை, இறக்காமம், வெல்லாவெளி,
லொறிகள் வாய்க்கால் மதகு தாண்டியும் வரிசையில்.
ஒவ்வொன்றும் நிறைந்து ஒருதரம் ஏறும்,
வெறுமையாய் ஒருதரம் ஏறும்,
இடையில் உள்ளதுதான் நெல்.
அதிலும் ஈரத்துக்கென்று
மூடைக்கு இரண்டு கிலோ கழிப்போம்.
"எங்க மனே ஈரம்? வெயில்ல வெடிச்சுக் கிடக்கு"
என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே நெல்லைக் கடித்துக் காட்டினார்.
நான் கழித்தேன்.
கழிக்கச் சொன்னது நான் அல்ல.

இரவு இரண்டரைக்கு
மூடை இறக்கும் இஸ்ஸதீன் பிளேன்ரீயோடு வந்தார்.
போன மாதம் எவ்வளவு என்று
ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம்.
ஓ.டி.யோடு அவருக்கு
என்னிலும் ஒன்பதாயிரம் கூட.
முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டார்.
"மேல ஏத்திப்போட்டு
ஏணிய எடுத்திட்டானுகள் தம்பி."

அவர் போனபின்
வரிசையில் லொறி இல்லாத ஐந்து நிமிடம்.
நானே தட்டில் ஏறி நின்றேன்.
இருபது இருபதாய்த்தான் அது எண்ணும்.
கூட்டுக்குள் சிவப்பெழுத்தில் அறுபது.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
அப்போதும் அறுபது.

அதன் பிறகுதான் துண்டுகளைப் பார்த்தேன்.
லொறி இலக்கம், முழு எடை, வெறும் எடை,
திகதி, நேரம், மூலையில் என் சுருக்கெழுத்து.
ஆவணிக்கு மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு கார்பன் பிரதிகள்.
யார் எப்போது விழித்திருந்தான் என்று
ஆலையே நிமிடக் கணக்கில் அச்சடித்து வைத்திருக்கிறது.

கல்முனைத் தொழில் கந்தோருக்கு
ஒரு காலை போய்வந்தேன்.
அரைநாள் சம்பளம் வெட்டினார்கள்.
அதற்கு மட்டும்
எக்சிகியூட்டிவுக்கும் மணிக்கூடு உண்டு.

அலுவலர் ஒரு பெண், தடிமன் பிடித்திருந்தது.
"ஆர வேலைக்கு எடுப்பீங்க?"
ஒருவரையும் இல்லை.
"ஆருக்கு லீவு குடுப்பீங்க?"
எனக்கே இல்லை.
"அப்ப என்னதான் முடிவெடுப்பீங்க?"
யோசித்தேன்.
"லொறி கோணலா நிண்டா
கொஞ்சம் பின்னுக்கு எடு எண்டு சொல்லுவன்."
அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதினார்.
"பேர வெச்சுச் சொல்லேலா.
செய்யிற வேலையத்தான் பாக்கோணும்.
வெல்லுவீங்க எண்டும் சொல்லமாட்டன்."
இரண்டு பக்கத்தையும் அழைப்பார்களாம்,
அடுத்த மாதம் பதினேழு.
கம்பெனி வரும், அல்லது
தவணை கேட்டுக் கடிதம் வரும்.

பஸ்ஸில் திரும்பி
மாலை ஆறுக்குக் கூட்டைத் திறந்தேன்.
ஆறு நாலுக்கு முதல் லொறி ஏறியது.
எடையை எழுதினேன், நேரத்தை எழுதினேன்.
மூலையில் சா.கி. என்று போடும் இடத்தில்
சாமித்தம்பி கிருபைராசா என்று முழுதாய் எழுதினேன்.
பெட்டிக்குள் இடம் போதவில்லை.
கோட்டைத் தாண்டி
கம்பெனியின் பெயர்மேல் ஏறி
நின்றது கடைசி எழுத்து.